கோய் மீன்கள் சுவரில் உரசுகின்றன, மேலே வந்து வாயைத் திறக்கின்றன. நீல மருந்து ஊற்றலாமா?

மருந்துப் புட்டியை இப்போதைக்கு மூடியே வையுங்கள். தோட்டத்துச் சிமெண்ட் குளத்தில் கோய் மீன்கள் உடம்பை உரசுகின்றன, சில மேலே வந்து திணறுகின்றன, கடைக்காரர் மெத்திலீன் நீலம் கொடுத்திருக்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். இவை வெவ்வேறு காரணங்களால் வரலாம். கடைக்காரர் உங்கள் குளத்தைப் பார்க்கவில்லை. நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

எந்த நேரத்தில் திணறுகின்றன? விடியற்காலையில் மட்டும் திணறி, வெயில் ஏறியதும் சரியாகிவிட்டால் பெரும்பாலும் ஆக்சிஜன் பற்றாக்குறைதான். பச்சையாகப் பாசி பிடித்த குளத்தில் இது சகஜம். பகலில் ஆக்சிஜனைத் தரும் அதே பாசி, இரவில் மீனோடு போட்டி போட்டு அதை இழுத்துக்கொள்கிறது. ஏர் பம்பை இரவு முழுவதும் ஓட விடுங்கள், போதும்.

நாள் முழுவதும் திணறினால், மீன் கழிவால் நீரில் சேரும் நச்சுகளான அம்மோனியா, நைட்ரைட் இரண்டையும் சோதியுங்கள். சோதனைக் கருவி மீன் கடைகளில் கிடைக்கும். இரண்டும் பூஜ்யமாக இருக்க வேண்டும். இல்லையென்றால் கால் பங்கு நீரை மாற்றி, இரண்டு நாள் தீனியை நிறுத்துங்கள். மாநகராட்சிக் குழாய் நீர் என்றால் குளோரினை நீக்காமல் விடாதீர்கள். நீல மருந்தில் எனக்கு இருக்கும் தயக்கமே இங்குதான்: வடிகட்டியில் வாழ்ந்து அம்மோனியாவைத் தீர்க்கும் நல்ல பாக்டீரியாக்களையும் அது கெடுத்துவிடும். நீர் கெட்டதால் திணறும் மீனுக்கு அது இன்னும் கேடு.

நீர் சரியாக இருந்தும் உரசினால் பெரும்பாலும் ஒட்டுண்ணி. உரசும் மீன் ஒன்றைக் குளத்து நீரோடு வெள்ளை நிறத் தொட்டியில் எடுத்து, பூதக்கண்ணாடியால் பாருங்கள்.

உடம்பிலும் துடுப்பிலும் உப்பைத் தூவியதுபோல் புள்ளிகள் இருந்தால் வெண்புள்ளி நோய். (செவுள் மூடியிலும் மார்புத் துடுப்பின் முன் விளிம்பிலும் மட்டும் ஒழுங்காகப் புள்ளிகள் இருந்தால் மகிழ்ச்சியடையுங்கள், அது இனப்பெருக்கத்துக்குத் தயாரான ஆண் மீன். இதற்கு மருந்து ஊற்றுபவர்கள் நிறையப் பேர்!) வெண்புள்ளியில் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. சில நாட்களில் புள்ளிகள் தாமாக உதிரும், நோய் போய்விட்டது என்று மருந்தை நிறுத்திவிடுவோம். உண்மையில் ஒவ்வொரு புள்ளியும் ஓர் ஒட்டுண்ணி. உதிர்ந்த ஒவ்வொன்றும் குளத்தின் அடியில் ஒட்டிக்கொண்டு, நூற்றுக்கணக்கான குஞ்சுகளாகப் பிரிந்து மறுபடி மீனைத் தேடி வருகிறது. மருந்து வேலை செய்வது நீந்தித் திரியும் அந்தக் குஞ்சுகள் மேல்தான். தோலுக்குள் இருப்பதை அது தொடாது. ஆகவே புள்ளிகள் மறைந்த பிறகும் சிகிச்சை தொடர வேண்டும். நம் ஊர் வெப்பத்தில் மொத்தம் இரண்டு வாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வெண்புள்ளிக்கு முதல் மருந்தாக நான் சொல்வது கல்லுப்புதான். லிட்டருக்கு 3 கிராம். குளத்தின் நீளம், அகலம், நீரின் ஆழம் மூன்றையும் மீட்டரில் பெருக்கி 1000-ஆல் பெருக்கினால் லிட்டர் கணக்கு வரும். 2 மீட்டர் நீளம், 1.5 மீட்டர் அகலம், 0.6 மீட்டர் ஆழம் என்றால் 1800 லிட்டர், உப்பு 5.4 கிலோ. மூன்று பங்காக்கி, வாளி நீரில் கரைத்து, இரண்டு நாட்களில் ஊற்றுங்கள். ஆவியாகிக் குறைந்த நீரை நிரப்பும்போது உப்புச் சேர்க்காதீர்கள், உப்பு ஆவியாவதில்லை. நீரை வெளியேற்றி மாற்றினால் மட்டும் அந்த அளவுக்குச் சேருங்கள். அல்லி, தாமரை இருந்தால் முன்பே வெளியே எடுத்துவிடுங்கள்.

தட்டையாக, வட்டமாக, 5 முதல் 10 மில்லிமீட்டர் அளவில் ஒன்று தோலில் ஊர்ந்தால் அது மீன் பேன். உப்பை நம்பிப் பயனில்லை. ஈரத் துணியால் மீனைப் பிடித்து, முனை மழுங்கிய இடுக்கியால் எடுத்து, அந்த இடத்தில் போவிடோன் அயோடினைத் தொட்டு வையுங்கள். செவுளில் படக் கூடாது. பேன் மீனை விட்டிறங்கி, சுவரிலும் கல்லிலும் வரிசையாக முட்டையிடும். எனவே மீன்களை வேறு தொட்டிக்கு மாற்றி, குளத்தை இறைத்து, சுவரைத் தேய்த்து, நன்றாகக் காயவிட வேண்டும். நூல்போல் தொங்கினால் நங்கூரப் புழு. அதையும் இழுக்கலாம், ஆனால் தோலோடு ஒட்டிய இடத்தில் பிடித்து மெதுவாக. தலை உள்ளே அறுந்து நின்றால் புண்ணாகும்.

வயிறு உப்பி, செதில்கள் எல்லாம் விறைத்து நிற்கும் மீன் பிழைப்பது அரிது. தனியே எடுத்து வையுங்கள், நம்பிக்கை தர மாட்டேன். திடீரெனப் பல மீன்கள் செத்தால் வீட்டு வைத்தியம் வேண்டாம். அருகில் மீன்வளக் கல்லூரி இருந்தால் உயிரோடு இருக்கும் நோயுற்ற மீன் ஒன்றைக் கொண்டுபோங்கள். செத்து வெகுநேரமான மீனில் அவர்களாலும் அதிகம் கண்டறிய முடியாது.

அண்மையில் புதிய மீன் எதையாவது குளத்தில் விட்டீர்களா? அதையும், குளத்தின் அளவையும், கிணற்று நீரா குழாய் நீரா என்பதையும் எழுதுங்கள்.