கொலோனுக்கு ஒரு நாள்: ஒரு ஸ்டேஷன் தள்ளி இறங்கு

“அக்கா, போன மாதம்தான் ஜெர்மனியில் ஆஹனுக்குப் படிக்க வந்தேன். வரும் ஞாயிறு கொலோன் போய்விட்டு ராத்திரிக்குள் திரும்பலாம் என்றிருக்கிறேன். கதீட்ரல், சாக்லேட் மியூசியம், மிருகக்காட்சி சாலை, படகு, ஷாப்பிங் எல்லாம் ஒரே நாளில் முடியுமா? முப்பது யூரோ போதுமா?” என்று கேட்டிருக்கிறாய்.

முப்பது யூரோ போதும் தம்பி, மிச்சமும் பிடிக்கலாம். ஆனால் அந்தப் பட்டியலில் பாதியை இப்போதே அடித்துவிடு. மிருகக்காட்சி சாலைக்குள் போனால் உன் பணத்தில் பெரும்பகுதி வாசலிலேயே போய்விடும். நவம்பரில் ஐந்து மணிக்கெல்லாம் இருட்டவும் தொடங்கிவிடும்.

ஞாயிறு வேண்டாம், சனிக்கிழமை போ. ஞாயிறு கடை திறக்காது என்பது உனக்கு இன்னும் முழுதாக உறைத்திருக்காது. தண்ணீர் பாட்டில் வாங்கக்கூட ரயில் நிலையத்தையோ பெட்டிக்கடையையோ தேட வேண்டும். கதீட்ரலிலும் ஞாயிறு காலை பூசை நடக்கும், அப்போது சுற்றிப் பார்க்க விடமாட்டார்கள். இன்னொன்று, 11ஆம் தேதி மட்டும் போகாதே. 11.11 அன்று காலை 11 மணி 11 நிமிடத்துக்கு அங்கே கார்னிவல் சீசன் தொடங்கும். வேஷம் கட்டிய கூட்டம் காலையிலேயே பீரோடு தெருவில் நிற்கும். அதுவும் பார்க்க வேண்டியதுதான், ஆனால் ஊர் பார்க்க ஏற்ற நாள் இல்லை.

டிக்கெட்டுக்குத் தனியாகக் காசு வேண்டாம், மாணவர்களுக்கான உன் செமஸ்டர் டிக்கெட்டே செல்லும். ஆர்இ 1, ஆர்இ 9 என்ற வட்டார ரயில்கள் இரண்டில் எது வந்தாலும் ஏறு. ஏறக்குறைய ஒரு மணி நேரம். ஐசிஇ என்ற அதிவேக ரயிலில் மட்டும் ஏறிவிடாதே, அதில் இந்த டிக்கெட் செல்லாது. 2016இல் நான் வந்த புதிதில், ஆர்இ தாமதம் என்று பலகையில் பார்த்துவிட்டு, எதிர் பிளாட்பாரத்தில் நின்ற வெள்ளை ரயிலில் ஏறி உட்கார்ந்தேன். சீட்டெல்லாம் மெத்து மெத்தென்று இருந்தது, அப்போதாவது சந்தேகம் வந்திருக்க வேண்டாமா? வழியில் டூரன் என்ற ஊரைத் தாண்டியதும் பரிசோதகர் வந்தார். செமஸ்டர் டிக்கெட்டை நீட்டினேன். மரியாதையாகச் சிரித்துவிட்டு 60 யூரோவுக்கு ரசீது அடித்துக் கொடுத்தார். தப்பு என்னுடையதுதான், இருந்தாலும் அந்த மாதம் முழுக்க ரசம் சாதம்தான். உன் டிக்கெட் போனில் இருக்கிறது என்றால் பவர் பேங்க்கும் அடையாள அட்டையும் கையோடு இருக்கட்டும். போன் அணைந்தால் டிக்கெட்டும் இல்லாத மாதிரிதான்.

எல்லோரும் இறங்கும் பெரிய ஸ்டேஷனில் நீ இறங்காதே. அங்கே வெளியே வந்ததுமே கதீட்ரல் முகத்தில் இடிக்கிற மாதிரி நிற்கும். அண்ணாந்து பார்த்தாலும் முழுசாகத் தெரியாது. ரயிலிலேயே இரு. அது ரைன் ஆற்றைத் தாண்டி அடுத்ததாக மெஸ்ஸே டாய்ட்ஸ் என்ற ஸ்டேஷனில் நிற்கும். அங்கே இறங்கி ஆற்றங்கரைக்கு வா. அகலமான படித்துறை ஒன்று இருக்கிறது. நான் ஸ்ரீரங்கத்துக்காரி, எனக்கு அம்மா மண்டபம்தான் ஞாபகம் வரும், குளிக்கத்தான் முடியாது. எதிர்க்கரையில் இரட்டைக் கோபுரம் முழுசாக, கறுப்பாக நிற்கும். வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு போகிற புளியோதரையைத் திரும்பி வரும்போது அங்கே உட்கார்ந்து சாப்பிடு.

அங்கிருந்து ஹோகன்சோலர்ன் பாலத்தில் ஆற்றைக் கடந்து நடந்து போ. இந்தப் பாலத்தில் கார் கிடையாது, ரயிலும் மனிதர்களும்தான். நடைபாதைக்கும் தண்டவாளத்துக்கும் நடுவில் உள்ள கம்பி வேலி முழுக்கப் பூட்டுகள். காதலர்கள் பேர் பொறித்துப் பூட்டிவிட்டுச் சாவியை ஆற்றில் போட்டுவிடுவார்கள். பக்கத்தில் ரயில் போகும்போது காலுக்குக் கீழே பாலம் அதிரும், பூட்டுகள் கலகலக்கும். 1945 மார்ச்சில் அமெரிக்கப் படை நெருங்கியபோது ஜெர்மன் ராணுவமே இந்தப் பாலத்தைத் தகர்த்தது. இப்போது நீ நடப்பது போருக்குப் பிறகு திரும்பக் கட்டியது.

கதீட்ரலை ஊர்க்காரர்கள் டோம் என்பார்கள். 1248இல் தொடங்கி 1880இல் முடித்தார்கள். நடுவில் முந்நூறு ஆண்டுகளுக்கு வேலையே நடக்கவில்லை. தெற்குக் கோபுரம் மொட்டையாக நிற்க, அதன் உச்சியில் மரத்தாலான பாரந்தூக்கி ஒன்று தலைமுறை தலைமுறையாக அப்படியே இருந்ததாம். எங்கள் ஊர் ராஜகோபுரமும் 1987 வரை மொட்டைக் கோபுரம்தானே, அதனால் எனக்கு இந்தக் கதை ரொம்பப் பிடிக்கும். ராஜகோபுரம் 236 அடி. டோம் 157 மீட்டர், கணக்குப் போட்டால் இரண்டு மடங்குக்கும் மேலே. முடித்த காலத்தில் உலகத்திலேயே உயரமான கட்டடம் இதுதான். போரில் குண்டுகள் பட்டும் விழவில்லை, ஆனால் சுற்றியிருந்த பழைய ஊரில் பெரும்பகுதி தரைமட்டமாகிவிட்டது. ஆற்றங்கரையில் வரிசையாகத் தெரியும் வண்ண வண்ண வீடுகளைப் பார்த்து அத்தனையும் நூற்றாண்டுப் பழசு என்று நினைத்துவிடாதே.

உள்ளே, குழந்தை ஏசுவைப் பார்க்க வந்ததாகச் சொல்லப்படும் மூன்று ராஜாக்களின் தங்கப் பேழை இருக்கிறது, கூட்டமும் அங்கேதான். அதைப் பார்த்துவிட்டுத் தெற்குப் பக்கம் வந்து நில். கெர்ஹார்ட் ரிக்டர் என்ற ஓவியர் 2007இல் செய்த கண்ணாடிச் சன்னல் அங்கே இருக்கிறது. சாமி உருவம் எதுவும் கிடையாது. 72 நிறங்களில் சின்னச் சின்னச் சதுரங்கள், பதினோராயிரத்துக்கும் மேல். வெயில் அடித்தால் அந்த நிறமெல்லாம் கல்தரையில் சிந்திக் கிடக்கும். ஒரு தடவை ஒரு குழந்தை அதைக் கையால் பொறுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. நவம்பரில் வெயிலுக்கு உத்தரவாதம் இல்லை, இருந்தாலும் நண்பகல் வாக்கில் போ.

கோபுரம் ஏறத் தனி டிக்கெட். 533 படி, லிஃப்ட் கிடையாது. சுழன்று போகும் குறுகலான படியில் ஏறுகிறவரும் இறங்குகிறவரும் உரசிக்கொண்டுதான் போக வேண்டும். வழியில் 24 டன் மணி ஒன்று தொங்குகிறது, அங்கே நின்று மூச்சு வாங்கிக்கொள். மலைக்கோட்டை ஏறிப் பழகியவள் என்ற திமிரில் நிற்காமல் ஏறினேன். மறுநாள் முழங்கால் பதில் சொன்னது.

அப்புறம் ஓடிகொலோன். சின்ன வயதில் காய்ச்சல் வந்தால் பாட்டி துணியில் நனைத்து நெற்றியில் போடுவாரே, அதன் பெயருக்கு அர்த்தமே கொலோன் தண்ணீர்தான். குளோக்கன்காஸ்ஸே தெருவில் 4711 என்ற பெயருள்ள கடைக்குள் அது குழாயில் ஓடிக்கொண்டே இருக்கும். கையை நனைத்துப் பார்க்கக் காசு இல்லை. அந்த வாசனையில் எனக்குக் காய்ச்சல் கஞ்சி ஞாபகம் வந்துவிட்டது.

பீர்க்கடைகளில் மெனு பார்த்து ஏமாறாதே. ஹால்வர் ஹான் என்று எழுதியிருக்கும். எனக்குத் தெரிந்த அரைகுறை ஜெர்மனில் “பாதிச் சேவல்”, விலையும் மலிவு, பிரமாதம் என்று ஆர்டர் கொடுத்துவிட்டேன். கம்பு மாதிரி கறுத்த ரை ரொட்டி, மேலே தடிமனாக ஒரு துண்டு சீஸ், கடுகு, வெங்காயம் வந்தது. சேவல் வரும் வரும் என்று பத்து நிமிடம் காத்திருந்தேன். நீ சைவமானால் உனக்கு அதுதான் நல்லது. கோல்ஷ் என்ற உள்ளூர் பீர் 200 மில்லி கிளாஸில் வரும். காலியானால் கேட்காமலே அடுத்தது வைத்துக் கணக்குக்கு அட்டையில் கோடு கிழிப்பார்கள். போதும் என்றால் அந்த அட்டையை எடுத்து கிளாஸ்மேல் மூடிவிடு.

சாக்லேட் மியூசியத்தை மழை பெய்தால் ஒதுங்க வைத்துக்கொள். படகு கோடைக்கு.

திரும்பும்போது பலகையில் பிளாட்பார எண்ணைக் கடைசி நிமிடம் வரை பார்த்துக்கொண்டே இரு, மாற்றிவிடுவார்கள். எதிர்த்திசையில் அதே ஆர்இ 1 ஹாம் என்ற ஊர்வரை போகும். ஈழத் தமிழர்கள் கட்டிய காமாட்சி அம்பாள் கோயில் அங்கேதான் இருக்கிறது. 2002இல் குடமுழுக்கு நடந்தது. மே, ஜூன் வாக்கில் தேர். அதற்கு நானும் வருகிறேன், டூரனில் ஏறிக்கொள்கிறேன்.