சீப் டூல்ஸ்: எதை தைரியமா வாங்கலாம், எதுக்கு ஒரு கும்பிடு போட்டுட்டு வந்துடலாம்

கேள்வி அனுப்புங்கன்னு சொன்னதும் வந்து குவிஞ்சிருக்கு, பாதிக்கு மேல ஒரே கேள்விதான், "அண்ணே ஆஃபர்ல போட்டிருக்கான், வாங்கலாமா?" தனித்தனியா எல்லாருக்கும் பதில் போட முடியல, ஒரே மாதிரி இருக்குறத ஒண்ணா சேர்த்துட்டேன். நான் எந்த டூலை கையில எடுத்தாலும் முதல்ல யோசிக்கிறது ஒண்ணுதான்ங்க, இது வேலை நடுவுல புட்டுக்கிச்சுன்னா காசு மட்டும் போகுமா, இல்ல விரலும் சேர்ந்து போகுமா. காசு மட்டும்தான்னா சீப்பா வாங்குங்க, ஒண்ணும் தப்பில்ல. விரலு, கண்ணுன்னு வந்துச்சுன்னா பேரம் பேசுற இடம் அது இல்ல.

ஆன்லைன்ல 46 பீஸ் சாக்கெட் செட் ரொம்ப கம்மியா வருது, பைக் வேலைக்கு தாங்குமா? (சேலம் தம்பி)

தாங்கும், ஆனா அதோட எல்லை தெரிஞ்சு வாங்கணும். அது கால் இஞ்ச் டிரைவ் (சாக்கெட் மாட்டுற சதுர முனையோட அளவு) செட், சாக்கெட் 4 எம்எம்ல இருந்து 14 வரைக்கும் வரும், பைக்ல சைடு கவர், பேட்டரி டெர்மினல், டேங்க் போல்ட், இன்டிகேட்டர் எல்லாம் 8, 10, 12தான், அதுக்கு சூப்பரா போதும். வீல் ஆக்சில் நட்டு, ஸ்ப்ராக்கெட்டு பக்கம்லாம் அதை கொண்டு போகாதீங்க, அந்த ராட்செட் (சாக்கெட்டை திருப்புற கைப்பிடி) உள்ள இருக்குற பல்லு சின்னது, பைப்பு சொருகி நீட்டி மிதிச்சா ஒரே நாள்ல வழுக்க ஆரம்பிச்சுடும். அதுக்கெல்லாம் டபாரியா, ஜலானி மாதிரி ஒரு ரிங் ஸ்பேனர் செட் தனியா வாங்கி வச்சுக்கோங்க, அது ஆயுசுக்கும் வரும். அந்த செட்டோட வர்ற ஸ்டார் பிட்டெல்லாம் மெத்து இரும்பு, அதை கணக்குலயே சேர்க்காதீங்க. அப்புறம் பழைய ஜப்பான் இன்ஜின் வண்டில கேஸ் ஸ்க்ரூ புடிச்சிக்கிட்டு இருந்தா சுத்தியால அடிச்சா திரும்புற இம்பாக்ட் டிரைவர்னு ஒண்ணு இருக்கு பாருங்க, அதுல சீப்பே போதும், வெறும் இரும்புதானே, பிட்டு மட்டும் நல்லதா மாத்திக்கோங்க.

21 வோல்ட், 48 வோல்ட், 88 வோல்ட்னு கார்ட்லெஸ் டிரில் போடுறாங்க, விலை ஏறக்குறைய ஒண்ணுதான், 88 வாங்கினா பவர் ஜாஸ்தி வருமா?

இந்தக் கேள்விக்குத்தான் காத்துட்டு இருந்தேன். அந்த பேட்டரியை பிரிச்சு பாத்தா உள்ள பெரும்பாலும் 5 லித்தியம் செல்லு தொடரா கோர்த்திருக்கும். ஒரு செல்லு சாதாரணமா 3.6 வோல்ட், முழுசா சார்ஜ் ஏறினா 4.2. அஞ்சால பெருக்குங்க, 18, இல்லன்னா 21. அதாவது பெரிய கம்பெனி 18 வோல்ட்னு எழுதுறதும் இவன் 21 வோல்ட்னு எழுதுறதும் ஒரே பேட்டரி. 12 வோல்ட்னு வர்றதும் இப்படித்தான், மூணு செல்லு, 10.8ல ஆரம்பிச்சு ஃபுல் சார்ஜ்ல 12.6. அந்த 48, 88, 128லாம் வோல்ட்டே இல்ல, பேரு. உத்துப் பாருங்க, பக்கத்துல சின்னதா இன்னொரு எழுத்து ஒட்டிக்கிட்டு இருக்கும், யாராவது கேஸு போட்டா அது மாடல் நம்பர்னு சொல்லிக்கலாம்ல.

பாக்க வேண்டியது ஆம்பியர் ஹவரும் (பேட்டரில எவ்ளோ சார்ஜ் கொள்ளும்ங்குற கணக்கு) செல்லோட தரமும். சீப் பேக்ல செல்லுதான் முதல்ல படுக்கும், அப்புறம் அதே மாடல் பேட்டரி தனியா கிடைக்காது, மெஷின் அட்டைப்பெட்டில தூங்கும். வீட்ல ஸ்க்ரூ முறுக்க, பலகைல ஓட்டை போட, எப்பவாவது எடுக்குறவங்களுக்கு சீப் கார்ட்லெஸ் ஓகே. சுவத்துல ஓட்டை போடணும்னா வயர் வச்ச 500 வாட்ஸ் இம்பாக்ட் டிரில்லு வாங்குங்க, பாஷ் ஜிஎஸ்பி 500 மாதிரி, எந்த ஊர் ரிப்பேர் கடையிலயும் கார்பன் பிரஷ் கிடைக்கும், அதுதான் பெரிய விஷயம். செங்கல் சுவர்ல கடகடன்னு இறங்கும். ஃபேன் கொக்கிக்கு ரூஃப் கான்கிரீட்ல போடணும்னா இதை வச்சு முக்காதீங்க, எஸ்டிஎஸ் பிட்டு மாட்டுற ரோட்டரி ஹேமரை ஒரு நாள் வாடகைக்கு எடுங்க, உள்ள பிஸ்டன் அடிக்கிற அடி வேற, அஞ்சு நிமிஷ வேலை.

4 இஞ்ச் ஆங்கிள் கிரைண்டர் லோக்கல் பிராண்டு பாதி விலைக்கு கிடைக்குது. கேட்டு வேலை, சின்ன சின்ன கட்டிங். வாங்கலாமா?

மெஷினை வேணா லோக்கல்ல வாங்குங்க, வீலை வாங்காதீங்க. எல்லாரும் தலைகீழா பண்றாங்க, பிராண்டு மெஷினை வாங்கிட்டு பத்து ரூபா மிச்சம் புடிக்க பேரே இல்லாத கட்டிங் வீலை மாட்டுறாங்க. இந்த மெஷின் லோடு இல்லாம நிமிஷத்துக்கு 11,000 சுத்து சுத்தும், அப்போ 4 இஞ்ச் வீலோட ஓரம் மணிக்கு 200 கிலோமீட்டருக்கு மேல ஓடுது. அந்த வேகத்துல 1 எம்எம் கனமுள்ள வீலு உடைஞ்சு தெறிச்சா என்ன ஆகும்னு நானே சொல்லணுமா. நல்ல வீல்ல 80 மீட்டர் செகண்டுக்கு, 15,000 சொச்சம் ஆர்பிஎம்னு அடிச்சிருப்பான், நடுவுல இருக்குற தகர வளையத்துல எக்ஸ்பைரி தேதியும் இருக்கும். ஆமாங்க, வீலுக்கும் எக்ஸ்பைரி உண்டு, ரெசின் வச்சு ஒட்டினது, பொதுவா மூணு வருஷம்தான் கணக்கு, ஈரத்துல கிடந்தா அதுவும் இல்ல. தேதியே இல்லாத வீலு, அது கடைக்காரர் பாடு.

மெஷின்ல பாக்க வேண்டியது, ஒண்ணு ஆர்மேச்சர், கார்பன், கியர் இதெல்லாம் உங்க ஊர்லயே கிடைக்குதா. இன்னொண்ணு சுவிட்சு. பின்னாடி தள்ளுனா லாக் ஆகிக்கிற சுவிட்சுல ஒரு வில்லங்கம் இருக்கு, ஓடிக்கிட்டு இருக்கும்போது கரண்ட் கட் ஆகும், நீங்க டீ குடிக்க போயிடுவீங்க, கரண்ட் வந்ததும் மெஷின் தானா எந்திரிச்சு தரையில ஓடும். கையை எடுத்தா நிக்கிற பேடல் சுவிட்ச் கிடைச்சா அதை வாங்குங்க, இல்லன்னா கரண்ட் போனதும் பிளக்கை புடுங்குற பழக்கம் வேணும். வீலை மூடியிருக்குற கார்டை (தடுப்பு) கழட்டிட்டு 5 இஞ்ச் வீலு மாட்டுறது, மரம் அறுக்குற பல் பிளேடை இதுல மாட்டுறது, இது ரெண்டையும் யாரு செஞ்சு காட்டினாலும் வேடிக்கை மட்டும் பாருங்க, தூரமா நின்னு.

ஹேக்ஸா ஃபிரேம் எது நல்லது?

எது வேணா. பிளேடுல காசு போடுங்க, ஹெச்எஸ்எஸ் (ஹை ஸ்பீடு ஸ்டீல்) இல்லன்னா பை மெட்டல். பைப்பு, ஆங்கிளுக்கு இஞ்சுக்கு 24 பல்லு, மெல்லிசு தகடுக்கு 32, பல்லு முன்னாடி பாத்து இருக்கணும். அவ்ளோதான்.

வீட்டு கரண்ட்ல ஓடுற இன்வெர்ட்டர் வெல்டிங் மெஷின் சின்னதா சூட்கேஸ் மாதிரி வருதே, 200 ஆம்ப்ஸ், 250 ஆம்ப்ஸ்னு போட்டிருக்கு. மாடிப்படி கைப்பிடி நானே பண்ணலாம்னு இருக்கேன் சார்.

பண்ணுங்க. ஐஜிபிடின்னு எழுதி வர்ற இந்த இன்வெர்ட்டர் மெஷின்லாம் வந்தப்புறம் வீட்டுல வெல்டிங் பண்றது உண்மையிலயே ஈஸி ஆயிடுச்சு, தூக்கவே முடியாத அந்த பழைய எண்ணெய் டிரான்ஸ்ஃபார்மரை நினைச்சுப் பாருங்க. ஆனா மேல போட்டிருக்குற ஆம்ப்ஸை நம்பாதீங்க, டியூட்டி சைக்கிள் எவ்ளோன்னு பாருங்க. 60 சதவீதம்னா பத்து நிமிஷத்துல ஆறு நிமிஷம் அந்த ஆம்ப்ஸ்ல ஓட்டலாம், நாலு நிமிஷம் ஆற விடணும்னு அர்த்தம். அந்த எண்ணே எழுதலன்னா 200ங்குறது சும்மா.

உங்க வேலைக்கு 200 தேவையும் இல்ல. கைப்பிடி பைப்புக்கு 2.5 எம்எம் 6013 ரக வெல்டிங் ராடு, 70, 80 ஆம்ப்ஸ் போதும், அது லைன்ல இழுக்குறது சுமாரா 13, 14 ஆம்பியர் வரும், 16 ஆம்ப்ஸ் பிளக்குல ஓடும். 3.15 ராடு போட்டு 130க்கு ஏத்தினீங்கன்னா லைன்ல 20ஐ தாண்டும், எம்சிபி விழுந்துக்கிட்டே இருக்கும், உடனே பெரிய எம்சிபி மாத்திக்கலாம்னு தோணும், மாத்தாதீங்க, சுவத்துக்குள்ள இருக்குற வயரு அதே பழைய வயருதான். மெஷினோட வர்ற ஹோல்டர், எர்த் கிளாம்ப், கேபிள் மூணும் பெரும்பாலும் பேருக்கு குடுக்குறது, தொட்டா சுடும், அதை முதல் மாசமே மாத்திடுங்க.

கூட இலவசமா குடுக்குற கையில புடிக்கிற பிளாஸ்டிக் ஷீல்டு இருக்கே, அதுல இருக்குற கறுப்பு கண்ணாடில நம்பர் இல்லன்னா தூக்கி போடுங்க. 10 இல்லன்னா 11 நம்பர் கண்ணாடி தனியா விலை ரொம்ப கம்மி. ராத்திரி கண்ணுல மண்ணு கொட்டினாப்ல எரிஞ்சுதுன்னா அது சும்மா புகை இல்ல, ஆர்க் வெளிச்சம் கருவிழியை சுட்டிருக்குன்னு அர்த்தம். உருளைக்கிழங்கு வெட்டி வைக்கிறதுலாம் விட்டுட்டு டாக்டரை பாருங்க.

பெஞ்ச் வைஸ் (மேஜையில மாட்டி சாமானை இறுக்கி புடிக்கிறது) புதுசு வாங்குறதா பழசா?

பழசு. காயலான் கடைக்கு போங்க, நேரம் இருக்குற ஞாயித்துக்கிழமையா பாத்து போங்க. புதுசா சீப்பா வர்ற 4 இஞ்ச் வைஸ்லாம் சாதா வார்ப்பிரும்பு, சுவரும் மெல்லிசு, கம்பியை வளைக்க நாலு அடி போட்டா தாடை பக்கத்துல கோடு விடும். வார்ப்பிரும்பு வளையாது, விண்ணுன்னு உடையும். பழைய மில்லு, ஒர்க்‌ஷாப்பு மூடுறப்போ வர்ற வைஸ்லாம் வெயிட்டுக்குத்தான் போடுவாங்க, இங்கிலாந்து ஷெஃபீல்டுல செஞ்ச ரெக்கார்டு பிராண்டு வைஸு கூட எப்பவாவது மாட்டும், துருவை பாத்து பயப்படாதீங்க, அது மண்ணெண்ணெய்ல போயிடும். ஹேண்டிலை முழுசா சுத்தி பாருங்க, ஸ்க்ரூ பாதியில திருகிக்கிட்டு நிக்காம ஓடணும், தாடையை கொஞ்சம் திறந்து மேலயும் கீழயும் ஆட்டுங்க, ரொம்ப ஆடினா வேணாம். அப்புறம் வெல்டிங் வச்ச தடம் எங்கயாவது இருக்கான்னு அடியில தடவி பாருங்க, மேல பெயின்ட் புதுசா அடிச்சிருந்தா இன்னும் நல்லா தடவுங்க. சம்மட்டி, கடப்பாறை, பட்டறைக் கல்லு இதெல்லாமும் அங்கயேதான். அரம் மட்டும் பழசு வாங்காதீங்க, பல்லு தேஞ்ச அரம் வெறும் கம்பி.

இஞ்சி டேப்பு, ரசமட்டம், மூலைமட்டம் இதுல சீப்பு எடுத்தா அளவு தப்பா வருமா?

வரலாம், வராமலும் இருக்கலாம், விலையை வச்சு சொல்ல முடியாது, கடையிலயே நின்னு பாத்துடுங்க. ரசமட்டத்தை கவுன்டர் மேல வைங்க, குமிழி எங்க நிக்குதுன்னு பாத்துட்டு அப்படியே முனையை மாத்தி திருப்பி அதே இடத்துல வைங்க, குமிழி கவுன்டரோட அதே பக்கம் அதே அளவு நிக்கணும். மூலைமட்டத்தை நேரான பலகை ஓரத்துல வச்சு ஒரு கோடு, திருப்பி போட்டு இன்னொரு கோடு, ரெண்டும் ஒண்ணா விழலன்னா கீழ வச்சுட்டு அடுத்ததை எடுங்க. டேப்பு முனையில இருக்குற கொக்கி ஆடுதுன்னு ரெண்டு பேர் எழுதியிருக்கீங்க, அது ஆடணும்ங்க, கொக்கியோட கனம் எவ்ளோவோ அவ்ளோ ஆடும், மாட்டி இழுக்குறப்பவும் முட்டுக் கொடுத்து அளக்குறப்பவும் அளவு ஒண்ணா வரத்தான். அதை சுத்தியால தட்டி டைட் பண்ணிடாதீங்க.

கார் அடியில படுத்து ஆயில் மாத்தணும். ஆன்லைன்ல 2 டன் டிராலி ஜாக்கி நல்ல விலைக்கு வருது, ஸ்டாண்டு கட்டாயம் வேணுமா? (திருப்பூர்)

கட்டாயம். ஜாக்கி தூக்குறதுக்கு, தாங்குறதுக்கு இல்ல, தாங்குறது அடியில வைக்கிற ஸ்டாண்டுதான், ஜாக்கி உள்ள ஒரு ரப்பர் சீல் போனா இறங்கிடும், அது எவ்ளோ விலை குடுத்த ஜாக்கியா இருந்தாலும். அதனால ஜாக்கில கொஞ்சம் சீப்பு எடுத்தா பரவால்ல, ஸ்டாண்டுல எடுக்காதீங்க. அமெரிக்காவுல ஹார்பர் ஃபிரெய்ட்னு தள்ளுபடி டூல்ஸுக்கே பேரு போன கடை, நாடு பூரா கிளை இருக்கு, 2020ல அவங்களே அவங்க 3 டன், 6 டன் ஸ்டாண்டுகளை லட்சக்கணக்குல திரும்ப வாங்கினாங்க, ராட்செட் பல்லு சரியா புடிக்காம பாரம் ஏறினப்போ நழுவுதுன்னு. அதுக்கு மாத்தா குடுத்த 3 டன் ஸ்டாண்டுலயும் சிலதுல வெல்டிங் சரியில்லன்னு அதே வருஷம் ஜூலையில அதையும் திரும்ப கூப்பிட்டாங்க. அங்க கூப்பிட்டு காசு குடுக்க ஆள் இருக்கு, நம்ம பேரில்லா ஸ்டாண்டுக்கு யாரு கூப்பிடுவா.

என் கட்சி பின்னு வச்ச ஸ்டாண்டு. ஓட்டைல கனமான பின்னு குறுக்க போகும், பல்லு புடிச்சுதா இல்லையாங்குற பேச்சே இல்ல. மண் தரையில வைக்காதீங்க. கழட்டின வீலை காருக்கு அடியில தள்ளி வச்சுக்கோங்க. செங்கல், ஹாலோ பிளாக் அடுக்கி படுக்குற ஆளுங்ககிட்ட எனக்கு பேச்சே இல்ல.

மஞ்சள் கலர் சின்ன மல்டிமீட்டர், டெஸ்டர், கட்டிங் பிளேயர், எலக்ட்ரிக் வேலைக்கு இதுல எது சீப்பு வாங்கலாம்?

அந்த மஞ்சள் 830 மீட்டரை பேட்டரி, பைக் வயரிங், சார்ஜர் பாக்க வச்சுக்கோங்க, அதுக்கு காசுக்கு மேலயே உழைக்கும். அதுல 10 ஆம்ப்ஸ் ஓட்டைக்கு பக்கத்துல ஃபியூஸ் இல்லன்னு அவனே எழுதியிருப்பான் பாருங்க, வயரை அதுல சொருகி மறந்துட்டு மெயின் போர்டுல வச்சா கையில வெடிக்கும். போர்டு வேலைக்கு கேட் 3 (CAT III, மெயின் போர்டுக்கான பாதுகாப்பு ரகம்) போட்ட மீட்டர் எடுங்க. டெஸ்டர் பிராண்டே சில பத்து ரூபாதான், அதுல என்ன மிச்சம் புடிக்கிறது, உள்ள இருக்குற ரெசிஸ்டர் ஒண்ணுதான் உங்களுக்கும் கரண்டுக்கும் நடுவுல நிக்குது. கட்டிங் பிளேயரோட உறை பிடிமானத்துக்குன்னு வச்சுக்கோங்க, ரெட்டை முக்கோணமும் 1000 வோல்ட்டும் போடாத எதையும் லைவ்ல நம்பாதீங்க. மெயினை ஆஃப் பண்ணிட்டு வேலை பாக்குறதுக்கு காசே வேணாம்.

மர வேலைக்கு கிளாம்ப்?

எஃப் கிளாம்ப் (எஃப் எழுத்து மாதிரி இருக்குற, கட்டையை இறுக்கி புடிக்கிறது) சீப்பா எங்க பாத்தாலும் அள்ளிடுங்க, ஒட்டுறப்போ எத்தனை இருந்தாலும் பத்தாது. வாங்கும்போது ஒரு கட்டையை குடுத்து நல்லா முறுக்கி பாருங்க, கம்பி வில்லு மாதிரி வளைஞ்சா வேணாம், லேசா வளைஞ்சு நின்னா ஓகே. உளி பத்தி ரெண்டு பேர் கேட்டிருக்கீங்க, அதை அடுத்த தடவை எழுதுறேன், தீட்டுறதை பத்தி சொல்லாம உளியை மட்டும் சொன்னா பிரயோஜனம் இல்ல.