60 மணி நேரத் தொண்டு

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

தென்காசிப் பக்கத்துக் கிராமத்தைச் சேர்ந்த நான் டெல்லிப் பல்கலைக்கழகக் கல்லூரி ஒன்றில் பொருளியல் ஆனர்ஸ் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். படிப்பில் சேரும் இரண்டு கிரெடிட்டுகளுக்காக (பாட மதிப்பு அலகுகள்) ஒரு தொண்டு நிறுவனத்தில் இன்டர்ன்ஷிப் செய்ய நினைக்கிறேன். எங்கள் வாட்ஸப் குழுவுக்கு வரும் அழைப்புகளில் பாதி, உறவினர்களிடமும் நண்பர்களிடமும் இவ்வளவு தொகை திரட்டினால்தான் சான்றிதழ் என்கின்றன. மீதி, வீட்டிலிருந்தபடியே இன்ஸ்டாகிராம் பதிவு எழுதும் வேலை. ராஜஸ்தான் கிராமம் ஒன்றுக்குப் போக எனக்கு ஆசை இருக்கிறது; ஆனால் என் இந்தி காய்கறிக் கடையோடு நின்றுவிடும். ஊதியமில்லாமல் போகலாமா, என்னால் அவர்களுக்கு ஏதாவது பயன் உண்டா என்ற இரண்டு கேள்விகளுக்கும் உங்கள் பதிலை அறிய விரும்புகிறேன்.

(பெயர் வேண்டாம் எனக் கேட்டுக்கொண்ட மாணவி)

அன்புள்ள மாணவிக்கு,

பணம் திரட்டச் சொல்லும் அழைப்புகளை முதலில் ஒதுக்கிவிடுங்கள். உங்கள் சித்தப்பாவும் அத்தையும் உங்கள் முகத்துக்காகக் கொடுக்கும் 500 ரூபாயை வாங்கிக்கொண்டு ஒரு சான்றிதழைத் தருவது பயிற்சியே அல்ல. கமிஷன்கூட இல்லாத விற்பனை வேலை. பதிவு எழுதும் வேலை அவ்வளவு மோசமில்லை என்றாலும், அதை எந்த அலுவலகத்திலும் கற்றுக்கொள்ளலாம்.

உங்களை நீங்களே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி நேரத்தைப் பற்றியது. பல்கலைக்கழக மானியக் குழுவின் கணக்கில் ஒரு கிரெடிட் என்பது 30 மணி நேரப் பயிற்சி. இரண்டு கிரெடிட்டுக்கு 60 மணி. நாளொன்றுக்கு ஆறு மணி நேரம் என்று வைத்தால் பத்து நாள். அந்தப் பத்து நாளும் ஒரு களப்பணியாளர் தன் வேலையை விட்டுவிட்டு, உங்களுக்கு வழி காட்டுவதிலும், தங்க இடம் பார்ப்பதிலும், ஒவ்வொரு வீட்டிலும் 'இந்தப் பெண் யார்' என்று விளக்குவதிலும் கழிப்பார். ஆகவே பத்து நாளில் பயன் அடைபவர் நீங்கள், செலவு செய்பவர்கள் அவர்கள். கோடை விடுமுறையில் ஆறு வாரம் இருக்க முடியுமானால் மட்டும் எழுதிக் கேளுங்கள். கல்லூரிக்கு 60 மணியைக் கணக்குக் காட்டிவிட்டு மீதியை அவர்களுக்குக் கொடுத்துவிடலாம்.

ஊதியத்தைப் பற்றி: சாப்பாடு, தங்குமிடம், பேருந்துச் செலவு ஆகிய மூன்றையும் கூச்சப்படாமல் கேளுங்கள். கேட்பது தவறு என்ற எண்ணம் இருந்தால், ஊதியமில்லாத பயிற்சி வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகளுக்கு மட்டுமே உரியதாகிவிடும்.

இனி மொழிக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் போகிற போக்கில் சொல்லப்பட்ட இந்த விஷயமே எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. உங்கள் வயதில் நான் தாமிரபரணிக் கரைக் கிராமம் ஒன்றில் ஒரு தொண்டு நிறுவனத்துக்காகக் கணக்கெடுப்புப் படிவம் நிரப்பினேன். ஆங்கிலத்தில் அச்சான அந்தப் படிவத்தில் 'முதன்மைத் தொழில்' என்றொரு கட்டம் இருந்தது. ஒரு வீட்டுத் திண்ணையில் இருந்த பெண்மணியிடம் என்ன வேலை செய்கிறீர்கள் என்று கேட்டேன். "வேலையெல்லாம் ஒண்ணுமில்ல தம்பி, சும்மா வீட்லதான் இருக்கேன்" என்றார். 'இல்லத்தரசி' என்று எழுதிக்கொண்டு வந்துவிட்டேன். அன்று மாலை, பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியிருந்த மூத்த களப்பணியாளர் அந்தப் படிவத்தைப் பார்த்துவிட்டு, "அந்தக்கா மடியில என்ன இருந்துச்சு?" என்று மட்டும் கேட்டார். பீடித்தட்டு இருந்தது. நான் பேசிக்கொண்டிருந்த நேரம் முழுவதும் அந்தப் பெண்மணியின் கை இலையை வெட்டி, தூளை வைத்துச் சுற்றிக்கொண்டேதான் இருந்தது. 'சும்மா' என்ற சொல்லுக்கு அந்த ஊரில் என்ன பொருள் என்பது, தமிழிலேயே பிறந்து வளர்ந்த எனக்கே அன்று பிடிபடவில்லை. காய்கறிக் கடை இந்தியோடு ராஜஸ்தானுக்குப் போகும் உங்களுக்கு எத்தனை 'சும்மா'க்கள் தவறிப்போகும் என்று எண்ணிப் பாருங்கள்.

ராஜஸ்தான் ஆசை எங்கிருந்து வந்தது என்று ஊகிக்க முடிகிறது. சென்னையில் பிறந்த அருணா ராய், ஐ.ஏ.எஸ். பதவியை விட்டுவிட்டு 1975இல் ராஜஸ்தான் கிராமமான திலோனியாவுக்குப் போனதும், பின்னர் அதே மாநிலத்தின் தேவ்டுங்ரியில் குடிசையில் தங்கி, 1990இல் மற்றவர்களோடு சேர்ந்து மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் என்ற தொழிலாளர், விவசாயிகள் அமைப்பைத் தொடங்கியதும் ஒரு மாணவியின் மனத்தில் நிற்கக்கூடியவைதாம். ஆனால் 1994 டிசம்பரில் கோட் கிரானாவில் அவர்கள் நடத்திய முதல் பொது விசாரணைக்கு முன்னால், அந்த மக்களோடு வாழ்ந்த ஏழு ஆண்டுகள் இருந்தன. அந்த விசாரணைகளில், அரசுப் பணிகளில் கூலி வேலைக்கு வந்ததாக எழுதப்பட்டவர்களின் பட்டியல் ஊரின் நடுவே உரக்க வாசிக்கப்பட்டது. பட்டியலில் பெயர் உள்ளவர்களே எழுந்து, தாங்கள் அந்த வேலைக்குப் போனதே இல்லை என்றார்கள். மக்களிடமிருந்து எடுத்த தகவல் மக்களிடமே திரும்பிவந்த இடம் அது. 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்துக்கான வேர்களில் ஒன்று அங்கே இருக்கிறது. நீங்கள் எந்த நிறுவனத்துக்குப் போனாலும், 'நான் சேகரிப்பதை யாரிடம், எந்த மொழியில் வாசித்துக் காட்டுவீர்கள்?' என்று கேளுங்கள். பதிலில் தயக்கம் தெரிந்தால் வேறு இடம் தேடுங்கள்.

மாணவர்களால் பயனில்லை என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். 2011 கோடையில், தமிழ்நாடு உட்பட ஒன்பது மாநிலங்களில் ரேஷன் முறையைப் பற்றி நடந்த ஆய்வில் வீடுவீடாகப் போனவர்கள் உங்களைப் போன்ற மாணவத் தொண்டர்கள்தாம். தானியத்துக்குப் பதில் ரொக்கம் கொடுத்தால் என்ன என்று பொருளியலாளர்கள் விவாதித்துக்கொண்டிருந்தபோது, பெறுபவர்களிடமே அதைக் கேட்டார்கள். பெரும்பாலோர் தானியமே வேண்டும் என்றார்கள். வங்கி தொலைவில் இருக்கிறது, விலை ஏறிவிடும், கையில் வந்த காசு வேறு எதற்காவது போய்விடும் என்று காரணமும் சொன்னார்கள். கேள்வி தெளிவாக இருந்ததும், வழிநடத்தியவர்களுக்குக் களம் தெரிந்திருந்ததும் சேர்ந்துதான் அந்த உழைப்பு வீணாகாமல் காத்தன.

எனவே, ஜூன் மாதம் ஊருக்குத் திரும்புங்கள் என்பேன். உங்கள் தெருவில் பீடி சுற்றாத வீடுகள் குறைவாகத்தான் இருக்கும். பீடித் தொழிலாளர்களுக்கென்று 1976ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான நல நிதி, பீடி மீதான தனி வரியில் நடந்துவந்தது. பிள்ளைகளின் கல்வி உதவித்தொகையும் மருத்துவ உதவியும் அதிலிருந்து கிடைத்தன. 2017இல் ஜி.எஸ்.டி. வந்தபோது அந்த வரி நீக்கப்பட்டது. வீட்டிலிருந்து சுற்றும் பெண்களோடு வேலை செய்யும் ஒரு நிறுவனத்தையோ சங்கத்தையோ தேடிப் பிடித்து, பீடித் தொழிலாளர் அடையாள அட்டை யாரிடம் இருக்கிறது, உதவி கேட்ட யார் விண்ணப்பம் திரும்பி வந்தது, ஏன் என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். விண்ணப்பங்களை நிரப்பிக் கொடுங்கள். வரி நின்றபின் அந்த உதவிகளுக்கு என்ன ஆயிற்று என்பது ஆனர்ஸ் மாணவிக்குத் தகுந்த கேள்விதான். நான்காம் ஆண்டில் ஆய்வேடு எழுதுவதாக இருந்தால், அந்த நோட்டை மீண்டும் எடுத்துப் பார்க்கலாம்.

அன்புடன்,
ஆசிரியர்