வெள்ளத்துக்கு மட்டும்தானா இளைஞர்கள்?

அன்புள்ள ஐயா,

எனக்கு 23 வயது. கடலூர் பக்கம், தென்பெண்ணைக் கரையோர கிராமம். டிப்ளமோ முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருக்கிறேன். 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயலை ஒட்டி வெள்ளம் வந்தபோது நண்பர்கள் சேர்ந்து ஆட்களை மீட்டோம், சாப்பாடு சமைத்துக் கொடுத்தோம். ஊரே பாராட்டியது. பிறகு வடிகால் வாய்க்காலைத் தூர் வாரச் சொல்லிக் கேட்கப் போனால், "உங்களுக்கு எதுக்குப்பா இதெல்லாம், வேலைக்குப் போற வழியப் பாருங்க" என்கிறார்கள். எங்கள் வாட்ஸ்அப் குழுவிலும் இப்போது பேச்சே இல்லை. இளைஞர் சக்தி என்று மேடையில் பேசுவதெல்லாம் உண்மைதானா?

வாசகர், கடலூர்

அன்புள்ள தம்பி,

உண்மைதான். ஆனால் மேடையில் அப்படிப் பேசுகிறவர்களுக்கு நீங்கள் படகு இழுக்க வேண்டும், ரத்தம் கொடுக்க வேண்டும், கொடி பிடிக்க வேண்டும், அவ்வளவுதான். வாய்க்காலை யார் வளைத்துப் போட்டிருக்கிறார்கள், தூர் வாரியதாக எழுதிய கணக்கு எங்கே என்று கேட்டதும் "நீ யாரு வீட்டுப் பையன்?" என்று ஆரம்பித்துவிடுவார்கள். உங்களை விரட்டினார்கள் என்றால், நீங்கள் கை வைத்த இடம் சரியான இடம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

அன்று தென்பெண்ணையின் குறுக்கே உள்ள சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1,68,000 கன அடி திறந்துவிட்டார்கள், அதை எந்த ஊர் வாய்க்காலும் தாங்காது. ஆனால் ஆறு வடிந்த பிறகும் தெருவில் தண்ணீர் எத்தனை நாள் நிற்கிறது என்பது வாய்க்காலைப் பொறுத்த விஷயம். அதைக் கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு.

நான் இருக்கும் புதுச்சேரியில் தொழிலாளர் தலைவர் வ.சுப்பையா 1934இல் 'சுதந்திரம்' பத்திரிகையைத் தொடங்கியபோது அவருக்கும் 23 வயதுதான். அவர் திரட்டிய மில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, 1936 ஜூலை 30 அன்று பிரெஞ்சு ஆட்சியின் போலீஸ் சுட்டு 12 பேர் இறந்தார்கள், அடுத்த ஆண்டே எட்டு மணி நேர வேலை சட்டமாக வந்தது. இந்தக் கதையில் சுப்பையாவை மட்டும் பார்த்துவிட்டுப் போகாதீர்கள். படித்த இளைஞர்கள் நாலு பேர் மட்டும் பேசியிருந்தால் அது பத்திரிகையோடு நின்றிருக்கும்; மில்லில் நாள் முழுக்க நின்று உடம்பு தேய்ந்தவர்கள், அவர்கள் வீட்டுப் பெண்கள், எல்லோரும் தெருவுக்கு வந்ததால்தான் பிரெஞ்சுக்காரன் இறங்கி வந்தான்.

அதனால் உங்களிடம் இரண்டு கேள்வி. உங்கள் குழுவில் பெண்கள் இருக்கிறார்களா? கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன், ஒருவரையும் காணோம். வெள்ளத்தில் அந்தச் சாப்பாட்டைச் சமைத்தது யார், வீட்டுக்குள் வந்த சேற்றை அள்ளிக் கொட்டியது யார்? அப்புறம், காலனித் தெரு ஆட்கள் உங்களோடு இருக்கிறார்களா? நம் பக்கத்தில் பெரும்பாலும் தாழ்வான நிலத்தில் இருப்பது அவர்கள் வீடுதான், தண்ணீர் கடைசியாக வடிவதும் அங்கேதான். நிவாரணமும் கடைசியாகத்தான் போய்ச் சேருகிறது, 2004 சுனாமியின்போதும் நம் கடற்கரையில் இந்தப் பாகுபாடு நடந்தது. ஊர்த்தெருப் பையன்கள் மட்டும் சேர்ந்து எழுதும் மனுவுக்கு என்னிடம் பெரிய மதிப்பு கிடையாது, இதைக் கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறேன்.

சரி, எங்கிருந்து தொடங்குவது? உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே வழி காட்டியவர்கள் இருக்கிறார்கள். கடலூர் சிப்காட் தொழிற்பேட்டையைச் சுற்றியுள்ள ஈச்சங்காடு, குடிகாடு மாதிரி ஊர்களில் ராத்திரியில் ரசாயன நாற்றம் மூச்சை அடைக்கும், புகார் கொடுத்தால் ஆதாரம் எங்கே என்பார்கள். 2004 வாக்கில் அந்த ஊர்க்காரர்களே பயிற்சி எடுத்துக்கொண்டு, எந்தத் தேதி, எத்தனை மணி, காற்று எந்தப் பக்கம், என்ன மாதிரி வாடை என்று குறித்து வைத்தார்கள், வாளியில் பை பொருத்திக் காற்றையே பிடித்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். அப்புறம் அவர்கள் சொன்னதை வெறும் புலம்பல் என்று யாரும் ஒதுக்க முடியவில்லை. நீங்களும் வாய்க்கால் எங்கே அடைத்திருக்கிறது, எங்கே குறுகியிருக்கிறது என்று நடந்து போய்ப் பார்த்து, தேதியோடு படம் எடுத்து, ஒரு நோட்டில் எழுதுங்கள். தூர் வாரியதாகக் கணக்கு இருந்தால் தகவல் உரிமைச் சட்டத்தில் நகல் கேளுங்கள்.

அதோடு கிராம சபைக்குப் போங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு கூட்டம். வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் போதும், யாரும் உங்களை வெளியே போகச் சொல்ல முடியாது. ஐந்நூறுக்கு மேல் மூவாயிரம் பேர் வரை உள்ள ஊராட்சியில் நூறு பேர் இருந்தால்தான் கூட்டம் செல்லும், பல ஊர்களில் அந்த நூறை நிரப்ப நூறு நாள் வேலைக்கு வந்த பெண்களைக் கூட்டிவந்து உட்காரவைத்துக் கையெழுத்து வாங்கி அனுப்பிவிடுகிறார்கள். அவர்களிடம் முன்கூட்டியே பேசுங்கள். உங்களோடு அவர்களும் எழுந்து வாய்க்காலைப் பற்றிக் கேட்டால் தீர்மானம் போடாமல் கூட்டம் நடத்துகிறவர்கள் நகர முடியாது. தீர்மான நோட்டில் எழுதியதை அங்கேயே படித்துக் காட்டச் சொல்லுங்கள், இது முக்கியம்.

உங்களுக்கு இதுவாவது இருக்கிறது. புதுச்சேரியில் 1968க்குப் பிறகு 2006இல்தான் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது, 2011இல் அந்தப் பதவிக்காலம் முடிந்த பிறகு இன்னும் அடுத்த தேர்தல் நடக்கவில்லை. 21 வயதானால் ஊராட்சியில் போட்டியிடலாம் என்று அரசியல் சட்டமே சொல்கிறது, இங்கே ஒரு தலைமுறைக்கே அந்த வாசல் திறக்கவில்லை. எனக்கு இதில் தீராத கோபம் உண்டு.

வேலை தேடுவதை விட்டுவிடாதீர்கள், கையில் சம்பளம் இருப்பவனை மிரட்டுவது கொஞ்சம் கஷ்டம். வெளியூரில் வேலை கிடைத்துப் போக நேர்ந்தால், நோட்டை ஊரிலேயே தங்கப்போகிற ஒருவரிடம் கொடுத்துவிட்டுப் போங்கள். மனுவை எழுதியதும் எனக்கு அனுப்புங்கள், படித்துப் பார்த்துத் திருத்தித் தருகிறேன்.