குழாய்க்கிணற்று நீருக்கு மென்னீராக்கி தேவையா?

கேள்வி: ஐந்து பேர் வசிக்கும் எங்கள் வீட்டில் குசினிக்கு நீர்வழங்கல் சபையின் தண்ணீரும், குளியலறைக்கும் சலவை இயந்திரத்துக்கும் குழாய்க்கிணற்று நீரும் வருகின்றன. ஷவரின் துளைகள் வெள்ளைப் படிவால் அடைபடுகின்றன. ஹீட்டரின் சுருள் எரிந்துவிட்டது. பரிசோதனை அறிக்கையில் கிணற்று நீரின் மொத்தக் கடினத்தன்மை லீற்றருக்கு 300 மில்லிகிராம், இரும்பு 0.8 மில்லிகிராம் என்றுள்ளது. வீடு முழுவதற்கும் மென்னீராக்கி பூட்டும்படி விற்பனையாளர் வற்புறுத்துகிறார். அம்மாவுக்கு உயர் இரத்த அழுத்தம் இருப்பதால் தயங்குகிறேன்.
– வாசகி, தெஹிவளை

பதில்: வீடு முழுவதற்கும் வேண்டாம், கிணற்று நீர் வரும் வழிக்கு மட்டும் பூட்டுங்கள். களனி கங்கையிலிருந்தும் லபுகம, கலட்டுவாவ நீர்த்தேக்கங்களிலிருந்தும் கொழும்புப் பகுதிக்கு வரும் குழாய் நீர், யாழ்ப்பாணத்துக் கிணற்று நீரைப் போலச் சுண்ணக்கல்லினூடாக ஊறி வருவதன்று. ஆதலால் இயல்பிலேயே மென்மையானது. ஐயமிருந்தால் இரண்டு போத்தல்களில் இரு நீரையும் பாதியளவு எடுத்து, சிறிது சவர்க்காரம் சீவிப் போட்டுக் குலுக்கிப் பாருங்கள்: சபைத் தண்ணீரில் நுரை பொங்கி நிற்கும், கிணற்று நீரிலோ நுரை அடங்கி வெண்மையான திரை மிதக்கும்.

மென்னீராக்கியிலுள்ள ரெசின் மணிகள் கடினத்தன்மைக்குக் காரணமான கல்சியத்தையும் மக்னீசியத்தையும் பிடித்துக்கொண்டு, அவற்றுக்கு ஈடாகச் சோடியத்தை விடுகின்றன. உங்கள் நீரில் கடினத்தன்மையை முழுவதும் நீக்கினால் லீற்றருக்கு ஏறத்தாழ 138 மில்லிகிராம் சோடியம் சேரும். குளிப்பதற்கும் துணி துவைப்பதற்கும் அது பொருட்டன்று; ஆனால் அம்மா குடிக்கும் நீரிலும் சமையல் நீரிலும் அதைச் சேர்க்க வேண்டிய தேவை எதுவுமில்லை. குசினிக் குழாயை இப்போதுள்ளபடியே விட்டுவிடுங்கள்.

விற்பனையாளர் இரும்பைப் பற்றிப் பேசினாரா என்று நீங்கள் எழுதவில்லை. இலங்கையின் குடிநீர்த் தரமான எஸ்.எல்.எஸ். 614 இரும்புக்கு வகுத்துள்ள எல்லை 0.3 மில்லிகிராம். உங்கள் நீரிலுள்ள அளவு நாளடைவில் ரெசின் மணிகளில் படிந்து அவற்றைப் பயனற்றதாக்கிவிடக்கூடும் என்பதால், இரும்பு நீக்கும் வடிகட்டியை முன்னால் பூட்டுவது கட்டாயம். அதைச் சொல்லாமல் மென்னீராக்கியை மட்டும் விற்பது நியாயமாகாது.

அளவைப் பொறுத்தவரை, ஆளுக்கு 150 லீற்றர் வீதம் நாளொன்றுக்கு 750 லீற்றர் என்று கொண்டால், 25 லீற்றர் ரெசின் கொண்ட கருவி ஏறக்குறைய ஐந்து நாட்களுக்குத் தாங்கும். பின்னர் உப்புக் கரைசலால் கழுவிப் புதுப்பிக்க, ஒவ்வொரு முறையும் மூன்று கிலோகிராமளவு உப்புச் செலவாகும்.

பூட்டும் இடத்தில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். கூரைமேல் தாங்கிக்குக் கீழே பூட்டினால், மூன்று மீற்றர் உயரத்திலிருந்து இறங்கும் நீரின் அழுத்தம் 0.3 பார் மட்டுமே. பெரும்பாலான தானியங்கிக் கருவிகளுக்கு அது போதாது. மோட்டருக்கும் தாங்கிக்கும் இடையில் பூட்டி, புதுப்பிக்கும் நேரத்தில் மோட்டர் ஓடும்படி ஒழுங்கு செய்யுங்கள். பழுதுபார்க்கும் நாளிலும் தண்ணீர் நிற்காமலிருக்க, கருவியைச் சுற்றிச் செல்லும் மாற்றுக் குழாயையும் வால்வையும் கேட்டு வாங்குங்கள். கழிவு உப்பு நீர்க் குழாயை வடிகானுக்குள் அமிழ்த்தாமல், கழிவுநீர் திரும்பி ஏறாதபடி சற்று இடைவெளி விட்டு மேலே நிறுத்தச் சொல்லுங்கள். அந்த நீர் குழாய்க்கிணற்றுக்கு அருகிலோ பூஞ்செடிகளின் அடியிலோ பாயக் கூடாது.