அப்பா பெயரில் உள்ள பைக்கில் முஸ்தாங் போகலாமா?

கேள்வி: எனக்கு 27 வயது. திருப்பூரில் வேலை. அக்டோபரில் ஒரு நண்பருடன் நேபாளத்துக்குள் பைக்கில் போய், மேல் முஸ்தாங்கில் உள்ள லோ மந்தாங் வரை ஓட்டத் திட்டம். வண்டி அப்பா பெயரில் இருக்கிறது. அவர் காலமாகி இரண்டு வருடம் ஆகிறது. ஆர்.சி.யை இன்னும் மாற்றவில்லை. இன்சூரன்ஸை மட்டும் வருடா வருடம் ஆன்லைனில் நானே கட்டிவிடுகிறேன். ஏஜென்ட் ஒருவர் கார்னே, இன்டர்நேஷனல் லைசென்ஸ், அப்பா கொடுத்தது போல ஒரு சம்மதக் கடிதம், முஸ்தாங் பர்மிட் எல்லாம் சேர்த்து 45,000 ரூபாய் கேட்கிறார். எல்லையில் திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது. என்ன செய்யலாம்?

பதில்: தம்பி, எல்லையில் உங்களைத் திருப்பி அனுப்பாமல் விட்டுவிடுவார்களோ என்பதுதான் என் பயம்.

நான் இருபது வருடத்துக்கு மேல் இன்சூரன்ஸ் சர்வேயராக இருந்தவன். விபத்தில் நசுங்கிய வண்டியைப் பார்த்து அறிக்கை எழுதுவது தொழில். லீவு கிடைத்தால் இமயமலைப் பக்கம் வண்டி ஓட்டுவது பழக்கம். அதனால் சொல்கிறேன், உத்தரப் பிரதேசத்துச் சுனௌலி எல்லையில் ஜன்னலுக்குப் பின்னால் இருப்பவருக்கு உங்கள் இன்சூரன்ஸ் செல்லுமா செல்லாதா என்பது பற்றிக் கவலையே இல்லை. ஒரு கடிதத்தை நீட்டினால் ரசீது போட்டுக் கொடுத்துவிடுவார். அந்தக் கடிதம் பொய் என்பது தெரியவருகிற இடம் வேறு. முஸ்தாங் போகும் வழியில், தாதோபானிக்கு மேலே ஏதாவது ஒரு வளைவில் வண்டி சறுக்கிய பிறகுதான் தெரியவரும்.

முதலில் அந்தச் சம்மதக் கடிதம். வண்டி வேறொருவர் பெயரில் இருந்தால் உரிமையாளரின் கடிதம் கேட்பார்கள், உண்மைதான். ஆனால் அது உயிரோடு இருக்கிற உரிமையாளருக்கான ஏற்பாடு. இறந்தவர் கையெழுத்தைப் போட்டு, முன் தேதியிட்டு, நோட்டரி முத்திரை குத்தித் தருவதற்குப் பெயர் உதவி இல்லை, போலி ஆவணம். வேற்று நாட்டில் அது பிடிபட்டால் கம்பி எண்ணப் போகிறவர் நீங்கள். ஏஜென்ட் வீட்டில் தூங்கிக்கொண்டிருப்பார்.

அடுத்து நீங்கள் வருடா வருடம் கட்டும் இன்சூரன்ஸ். இதைத்தான் கொஞ்சம் நிதானமாகப் படிக்கச் சொல்வேன். பாலிசிதாரர் இறந்துபோனால், இறந்த நாளிலிருந்து மூன்று மாதமோ, பாலிசி முடியும் தேதியோ, எது முதலில் வருகிறதோ அதுவரைக்கும்தான் அந்தப் பாலிசிக்கு உயிர். அதற்குள் வாரிசு தன் பெயருக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். நீங்கள் அதன்பின் ஆன்லைனில் பணம் கட்டியபோது கம்பெனியின் கம்ப்யூட்டர் "நன்றி" என்று சொல்லி, அப்பா பெயரிலேயே பாலிசியை அனுப்பியிருக்கும். உரிமையாளர் இருக்கிறாரா என்று அது கேட்காது. க்ளெய்ம் வரும் நாளில் மட்டும் அத்தனை கேள்வியும் கேட்பார்கள். பிரீமியம் வாங்கும்போது இருக்கிற வேகமும் பணம் கொடுக்கும்போது வருகிற சட்ட ஞானமும் ஒரே கம்பெனிக்குள் எப்படிக் குடியிருக்கின்றன என்பது எனக்கு இன்றுவரை புரியாத விஷயம். இப்படி ஒரு கோப்பு என் மேஜைக்கே வந்தது. பையன் கால் முறிந்து படுத்திருந்தான், வண்டி பள்ளத்தில் கிடந்தது, பாலிசி இறந்துபோன அப்பா பெயரில் இருந்தது. நான் சேத மதிப்பைக் கணக்கிட்டு எழுதிக் கொடுத்தேன். ஒரு ரூபாய் கூட வரவில்லை.

ஆகவே உங்கள் பயணம் ஆர்.டி.ஓ. ஆபீஸில் தொடங்குகிறது. உரிமையாளர் இறந்தால் 30 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவித்து, மூன்று மாதத்துக்குள் பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்பது விதி. நீங்கள் தாமதித்துவிட்டீர்கள். அதற்குத் தாமதக் கட்டணம் கேட்பார்கள், கட்டிவிடுங்கள். படிவம் 31, இறப்புச் சான்றிதழ், தாசில்தாரின் வாரிசுச் சான்றிதழ், ஒரிஜினல் ஆர்.சி. ஆகியவை வேண்டும். வாரிசுச் சான்றிதழில் அம்மா, அக்கா, தங்கை என்று யார் பெயரெல்லாம் இருக்கிறதோ அவர்கள் எல்லோரும் "இவருக்கு மாற்றிக் கொடுப்பதில் ஆட்சேபம் இல்லை" என்று எழுதித் தர வேண்டும். வீட்டில் அக்கா ஒருவர் வெளிநாட்டில் இருந்தால் அந்த ஒரு கையெழுத்துக்கே மாதம் ஓடிவிடும். வண்டிக்குக் கடன் பாக்கி இருந்தால் ஃபைனான்ஸ் கம்பெனியின் கடிதமும் தேவைப்படும். வாரிசுச் சான்றிதழ் இல்லை என்றால் இன்றைக்கே இ-சேவை மையத்துக்குப் போங்கள். அக்டோபர் நினைப்பதைவிட அருகில் இருக்கிறது. ஆர்.சி.யிலேயே நாமினி பெயர் சேர்க்கும் வசதி 2021-ல் வந்தது. அதை யாரும் யாருக்கும் சொல்வதில்லை. உங்கள் பெயருக்கு மாற்றும்போதாவது அம்மா பெயரை நாமினியாகப் போட்டுவிடுங்கள்.

ஆர்.சி. உங்கள் பெயருக்கு வந்த பின் இன்சூரன்ஸையும் உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். அதோடு வேலை முடியவில்லை. பாலிசித் தாளில் புவியியல் எல்லை என்ற இடத்தில் இந்தியா என்று மட்டும் இருக்கும். எல்லைக்கோட்டைத் தாண்டிய நிமிடமே உங்கள் பாலிசி வெறும் காகிதம். நேபாளத்துக்கும் அதை நீட்டிக்க ஒரு வழி இருக்கிறது. ஐ.எம்.டி. 1 என்ற எண்டார்ஸ்மென்ட், அதாவது பாலிசியோடு சேர்த்துத் தரும் திருத்தத் தாள். நேபாளம், பூட்டான், வங்கதேசம், பாகிஸ்தான், இலங்கை, மாலத்தீவு ஆகிய ஆறு நாடுகளுக்கு இது உண்டு. கூடுதல் பிரீமியம் நீங்கள் பயப்படுகிற அளவுக்கு இராது. கஷ்டம் பணத்தில் இல்லை. கிளை அலுவலகத்தில் கேட்டால் "அப்படி ஒன்று இல்லையே சார்" என்பார்கள். வாடிக்கையாளர் சேவை எண்ணில் ஒருவர் உங்களை இன்னொருவரிடம் மாற்றிவிடுவார். விடாதீர்கள். "ஐ.எம்.டி. 1, எல்லை நீட்டிப்பு" என்ற சொல்லையே மின்னஞ்சலில் எழுதிக் கேளுங்கள். கிளம்புமுன் எண்டார்ஸ்மென்ட் தாள் அச்சில் கையில் இருக்க வேண்டும். போனில் "ஆகிடுச்சு சார்" என்று சொன்னதை நம்பிக் கிளம்பாதீர்கள்.

ஏஜென்ட் விற்கும் மற்ற சாமான்களுக்கு வருகிறேன். கார்னே என்பது, வண்டியைக் கொண்டுபோகும் நாட்டிலேயே விற்றுவிட்டு வந்துவிட மாட்டேன் என்பதற்கான ஜாமீன் புத்தகம். ஆட்டோமொபைல் சங்கங்கள் உத்தரவாதம் வாங்கிக்கொண்டு கொடுப்பது. ஈரான் வழியாக ஐரோப்பா ஓட்டுகிறவருக்கு அது வேண்டும். இந்தியப் பதிவெண் கொண்ட பைக் நேபாளம் போக வேண்டாம். இன்டர்நேஷனல் லைசென்ஸும் வேண்டாம், நம் லைசென்ஸே அங்கே செல்லும். அப்படியே வேண்டுமென்றாலும் ஆர்.டி.ஓ. மட்டும்தான் அதைக் கொடுக்க முடியும். ஏஜென்ட் பிளாஸ்டிக் அட்டையில் அடித்துக் கொடுப்பது விளையாட்டுச் சாமான். ஒன்று மட்டும் நினைவில் இருக்கட்டும். டிஜிலாக்கர் நம் போலீஸுக்குத்தான். லைசென்ஸ், ஆர்.சி., இன்சூரன்ஸ், புகைச் சான்றிதழ் எல்லாம் தாளாகவோ அட்டையாகவோ பையில் இருக்க வேண்டும்.

உங்களுக்கு விசா வேண்டாம். பாஸ்போர்ட் அல்லது வாக்காளர் அட்டை போதும். ஆதார் 15 வயதுக்குக் கீழும் 65 வயதுக்கு மேலும் உள்ளவர்களுக்குத்தான் செல்லும். நீங்கள் பாஸ்போர்ட்டையே எடுத்துப் போங்கள், மேல் முஸ்தாங் பர்மிட்டுக்கு அது வேண்டியிருக்கும்.

எல்லையில் உண்மையில் தேவைப்படுவது இரண்டு தாள். வண்டிக்கான சுங்க ரசீது, அங்கே அதற்குப் பெயர் பன்சார். இன்னொன்று யாதாயாத், அதாவது போக்குவரத்து அனுமதி. சுனௌலியைத் தாண்டி நேபாளப் பக்கம் பெலகியாவில் இரண்டும் கிடைக்கும். வண்டியை நிறுத்தும் முன்பே பையன்கள் சூழ்ந்துகொண்டு ஆர்.சி.யைக் கையிலிருந்து வாங்கப் பார்ப்பார்கள். கொடுக்காதீர்கள். படிவம் நிரப்பித் தருகிறேன் என்று ஒருவர் 12 நாளுக்குப் பணம் வாங்குவார், மூன்று நாளுக்கு மட்டும் ரசீது வாங்கித் தருவார். உங்களுக்கு எப்படித் தெரியும்? ரசீது தேவநாகரி எழுத்தில் இருக்கும். தேதியோ விக்ரம் சம்வத் கணக்கு. நம்முடைய 2026 அக்டோபர் அங்கே 2083. மூன்றாம் நாளுக்குப் பிறகு நீங்கள் கள்ளத்தனமாக ஓட்டிக்கொண்டிருப்பவர், அபராதமும் வரும். நேபாளம் போகத் தயாராகிறவர்கள் டயர் வாங்குகிறார்கள், கேமரா வாங்குகிறார்கள், பத்து எண்களைப் படிக்கக் கற்றுக்கொள்வதில்லை. ஒரு மாலைப் பொழுது போதும் தம்பி. ஜன்னலை விட்டு நகரும் முன் நாள் கணக்கைப் படித்துப் பாருங்கள். நிலச்சரிவில் பாதை அடைபட்டால் மாட்டிக்கொள்ளாமல் இருக்க நாலைந்து நாள் கூடுதலாகவே போட்டு வாங்குங்கள். வருடத்துக்கு 30 நாள் என்ற வரம்புக்குள் இருந்தால் சரி.

முஸ்தாங் பர்மிட் விஷயத்தில் ஏஜென்டே வேண்டாம் என்று என்னால் சொல்ல முடியாது. அது 1992-ல்தான் வெளிநாட்டவருக்குத் திறந்துவிட்ட பகுதி. தனி ஆள் போய்க் கேட்டால் கிடைக்காது. நேபாளத்தில் பதிவு பெற்ற ட்ரெக்கிங் நிறுவனம் வழியாகத்தான் கிடைக்கும், வழிகாட்டியும் கூட வர வேண்டும். இந்தியர் என்பதற்காகச் சலுகை இல்லை. பல வருடமாகத் தலைக்கு முதல் 10 நாளுக்கு 500 டாலர் என்பதே கணக்காக இருந்தது. 2025 கடைசியில் அதை மாற்றித் தலைக்கு நாளுக்கு 50 டாலர் ஆக்கினார்கள். இந்த விதி மாற்றத்துக்கு உட்பட்டது, நேபாளக் குடிவரவுத் துறையின் தளத்தில் அன்றைய கட்டணத்தைப் பாருங்கள். உங்கள் ஏஜென்ட் கேட்கும் 45,000-ல் இது அடங்குமா என்று நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள்.  மலிவாகப் பர்மிட் என்றால் காக்பேனி சோதனைச் சாவடியில் நிற்கப் போகிறீர்கள். அதற்கு மேலே உள்ள பாதைக்குத்தான் அந்த அனுமதி. காக்பேனியிலிருந்து முக்திநாத் போக அது வேண்டாம், அன்னபூர்ணா பாதுகாப்புப் பகுதிக்கான சீட்டு போதும். நம்மூரில் 108 திவ்ய தேசம் சேவிக்கிறவர்கள் சாளக்கிராமம் என்று சொல்லிப் போய்வருகிற இடம்தான் அது. கையில் டாலர் இல்லை என்றால் அதோடு திரும்பி வாருங்கள், அதுவும் குறைந்த பயணம் இல்லை.

இன்னொன்று. அக்டோபரை ஒட்டித் தசைன் பண்டிகை வரும். அரசு அலுவலகங்கள் நாள் கணக்கில் மூடிக்கிடக்கும். தேதி பார்த்து, பர்மிட்டை அதற்கு முன்பே முடிக்கச் சொல்லுங்கள்.

பாதையைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். பேனி என்ற ஊருக்கு மேல் காளி கண்டகி ஆற்றின் பள்ளத்தாக்கில் முற்பகல் கழிந்ததும் காற்று எழும், பைக்கை ஒரு பக்கமாகச் சாய்க்கும் காற்று. விடிந்ததும் கிளம்பி மதியத்துக்குள் அன்றைய ஓட்டத்தை முடித்துவிடுங்கள். காக்பேனி 2,800 மீட்டர், லோ மந்தாங் 3,800 மீட்டர். உயரத்துக்கு உடம்பு பழக, காக்பேனியில் ஒரு இரவு கூடுதலாகத் தூங்குங்கள். காக்பேனிக்கு முன்னால் வரும் ஜோம்சோமில் டாங்க் நிரம்ப பெட்ரோல் போட்டுக்கொண்டு, ஐந்து லிட்டர் கேனில் தனியாக எடுங்கள். 100 ரூபாய் நோட்டுகளாக வைத்துக்கொள்ளுங்கள்.

அக்டோபருக்குள் ஆர்.சி. உங்கள் பெயருக்கு வராவிட்டால் என்ன செய்வது? வண்டியை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். ரயிலில் கோரக்பூர், அங்கிருந்து பஸ்ஸில் எல்லை, பிறகு போகரா. அங்கே பைக் வாடகைக்குக் கிடைக்கும். பன்சார் தொல்லையும் இல்லை. வாடகைக்காரர் உங்கள் பாஸ்போர்ட்டை அடமானமாகக் கேட்பார். கொடுக்காதீர்கள், மேலே சாவடியில் அது வேண்டும். ரொக்க முன்பணம் கொடுத்து, வண்டியில் ஏற்கெனவே இருக்கும் கீறல்களை அவர் முன்னாலேயே வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள்.