மண்டிச் சீட்டும் மூன்று பட்டங்களும்

கேள்வி: பிளஸ் டூவில் வணிகவியல் பிரிவு படித்தேன். கணினிப் பயன்பாடு எடுத்ததால் வணிகக் கணிதம் கிடையாது. அப்பா மாங்காய் மண்டியில் கணக்கு எழுதுகிறார். பி.காம்., பி.பி.ஏ., பி.ஏ. பொருளாதாரம் மூன்றில் எதில் சேரலாம்? ஆடிட்டர் ஆக ஆசை, அதனால் பி.காம். (சி.ஏ.) நல்லது என்கிறார்கள். பொருளாதாரம்தான் சுலபம் என்றும் சொல்கிறார்கள்.
– வாசகி, காவேரிப்பட்டணம்

பதில்: முதலில் அந்த அடைப்புக்குறி. பி.காம். (சி.ஏ.) என்பதில் உள்ள சி.ஏ., கம்ப்யூட்டர் அப்ளிகேஷன்ஸ். சார்ட்டர்டு அக்கவுண்டன்சி என்ற ஆடிட்டர் படிப்புக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. வருஷா வருஷம் இதில் ஏமாறுகிறவர்கள் உண்டு.

வித்தியாசத்தை அப்பாவின் மண்டியிலேயே பார்க்கலாம். ஒரு லோடு பெங்களூரா ரக மாங்காய் வருகிறது. கமிஷன், இறக்குக்கூலி, முன்பணம் கழித்து விவசாயிக்கு எவ்வளவு என்று சீட்டு போடுவது பி.காம். மண்டிக்கு எத்தனை ஆள், எந்த மாங்கூழ் ஆலையோடு பேரம் என்று யோசிப்பது பி.பி.ஏ. போன வருஷம் 10 டன்னை கிலோ 20 ரூபாய்க்கு விற்று 2 லட்சம் பார்த்தவர், இந்த வருஷம் 15 டன் விளைந்தும் 12 ரூபாய்க்குத் தள்ளி 1 லட்சத்து 80 ஆயிரத்தோடு திரும்புகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏன் இப்படி என்று கேட்பது பொருளாதாரம்.

அந்தக் கேள்வி உங்களை இழுத்தால் தாராளமாகப் பொருளாதாரம் சேருங்கள். ஆனால் சுலபம் என்று நம்பிச் சேராதீர்கள். இளங்கலையில் புள்ளியியல் வரும். நல்ல நிறுவனத்தில் எம்.ஏ. படிக்க நுழைவுத் தேர்வு எழுதினால் வகை நுண்கணிதமே (டிஃபரன்ஷியல் கால்குலஸ்) வந்து நிற்கும். ஐ.ஐ.டி.களின் முதுகலை நுழைவுத் தேர்வான ஜாமில், பொருளாதாரத் தாளில் கணிதமும் புள்ளியியலும் தனிப் பகுதிகள். பிளஸ் ஒன் வணிகக் கணிதப் புத்தகத்தில் வகை நுண்கணிதமும் ஒட்டுறவும் (கோரிலேஷன்) உள்ள பாடங்களை இந்த விடுமுறையில் போட்டுப் பாருங்கள். ஒரு மாதத்தில் பிடிபட்டால் பயமில்லை.

ஆடிட்டர் ஆசை உறுதியானது என்றால் சாதா பி.காம். போதும். வழி இரண்டு. ஆடிட்டர் படிப்பின் முதல் கட்டமான ஃபவுண்டேஷனை இப்போதே எழுதலாம்: 4 தாள், ஒவ்வொன்றிலும் 40, மொத்தத்தில் 50 சதவீதம் வேண்டும், கொள்குறித் தாள்களில் தப்பான விடைக்குக் கால் மதிப்பெண் போகும். அல்லது பி.காம். 55 சதவீதத்தோடு முடித்து நேராக இரண்டாம் கட்டமான இன்டர்மீடியட் போகலாம். ஃபவுண்டேஷனின் நான்கு தாள்களில் ஒன்று வணிகப் பொருளாதாரம் என்பதால், அந்த ஆர்வமும் வீண்போகாது.

பி.பி.ஏ.வை உங்களுக்குச் சொல்லத் தோன்றவில்லை. எம்.பி.ஏ.வுக்கு எந்தப் பட்டமும் செல்லும். டி.என்.பி.எஸ்.சி. குரூப் 2-ம் அப்படித்தான். ஆசிரியர் வேலை மனதில் இருந்தால் மட்டும் கவனம்: பொருளாதாரத்திலும் வணிகவியலிலும் முதுகலை முடித்த பிறகே பி.எட். பாதை திறக்கும்.

அரசுக் கல்லூரி தரவரிசைக்கு மொழிப்பாடங்களை விட்டுவிட்டு நான்கு பாடங்களின் 400 மதிப்பெண்தான் கணக்கு. தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு ஊர் அரசுக் கல்லூரிகளும் சேலம் பெரியார் பல்கலைக்கழகத்தில் இணைந்தவை. அதன் பாடத்திட்டத்தை இறக்கி, ஆறு பருவத் தாள்களின் தலைப்புகளை ஒருமுறை படித்துவிட்டு விண்ணப்பத்தில் வரிசை கொடுங்கள்.

சேர்ந்த கையோடு டேலி என்ற கணக்கு மென்பொருள் வகுப்புக்குப் பணம் கட்ட வேண்டாம். அப்பாவிடம் பழைய சீட்டு பத்து வாங்கி, குறிப்பேடு (ஜர்னல்), பேரேடு (லெட்ஜர்) எழுதி, இருப்பாய்வு (டிரயல் பேலன்ஸ்) போடுங்கள். பற்று, வரவு இரண்டு பக்கமும் ஒட்டாவிட்டால் வித்தியாசத்தைப் பாதியாக்கி அந்தத் தொகையைத் தேடுங்கள். பெரும்பாலும் மண்டிக்கு வருமானமான கமிஷனை வரவில் வைக்காமல் பற்றில் வைத்திருப்பீர்கள்.